மூட்டைக் கணக்கு பார்த்த ஜெனரல்

பெங்களூர் சிட்டி ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் 31 வருஷம் வேலை பார்த்தேன். வீடு ஒக்கலிபுரத்தில். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் ஆபீஸ். ஊதுபத்திப் பெட்டி, ஓலைப்பாயில் கட்டிய ரோஜா, பட்டுப்புடவைக் கட்டு, வைக்கோலும் சாக்கும் சுற்றித் தைத்த ஸ்கூட்டர் என்று என் தராசில் ஏறாத சாமான் கிடையாது. எடை பார்ப்பது, ரசீது போடுவது, எந்த வண்டியில் எந்தப் பெட்டியில் ஏறியது என்று எழுதுவது, போய்ச் சேர்ந்ததா என்று விசாரிப்பது. இவ்வளவுதான் வேலை. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ராத்திரி இரண்டு மணிக்கு முப்பது கூடை பூ பிளாட்பாரத்தில் நிற்கிறது, வண்டி எட்டு நிமிஷம்தான் நிற்கும் என்னும்போதுதான் அதன் அருமை தெரியும்.

அதனால்தானோ என்னவோ, மார்க் கப்பனின் வாழ்க்கையைப் படித்தபோது, எனக்கு முன்னால் வேலை பார்த்துவிட்டுப் போன பெரியவர் ஒருவரைப் பற்றிப் படிப்பதுபோல இருந்தது. கப்பன் பார்க், கப்பன் ரோடு, கப்பன்பேட்டை என்று தினமும் நம் வாயில் புழங்குகிற அதே கப்பன்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ராணுவத்தில் லெப்டினன்ட் ஜெனரல் வரை உயர்ந்தவர். 1834 முதல் 1861 வரை மைசூர் ராஜ்ஜியம் முழுவதையும் கமிஷனராக இருந்து ஆண்டவர்.

பூங்காவில் அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. மரோச்செட்டி என்ற இத்தாலியச் சிற்பி வடித்தது. 1866-ல் முதலில் பரேடு மைதானத்துப் பக்கம் நிறுத்தினார்கள். பிறகு ஹைகோர்ட்டாக இருக்கிற அட்டாரா கச்சேரிக்கு முன்னால் வெகுகாலம் நின்றது. 2020-ல் அங்கிருந்து எடுத்துப் பூங்காவுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தியை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். குதிரையின் வயிற்றுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“தாத்தா, இவர் எந்தச் சண்டையில ஜெயிச்சாரு?”

“சண்டையில இல்லம்மா. மாட்டுவண்டியில.”

“மாட்டுவண்டில போய் சண்டை போட்டாரா?”

சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. நான் சொன்னதில் தப்பு இல்லை, விளக்கம்தான் போதவில்லை. அந்த விளக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் ‘ஐல் ஆஃப் மேன்’ என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அதில் மாக்கோல்ட் என்ற ஊரின் பாதிரியார் மகன் கப்பன். இவருடைய மாமா மார்க் வில்க்ஸ் ஏற்கெனவே கம்பெனி ராணுவத்தில் இருந்தார். திப்பு வீழ்ந்த பிறகு மைசூரில் ரெசிடென்டாக, அதாவது கம்பெனியின் பிரதிநிதியாக இருந்து, தென்னிந்திய வரலாற்றையே பெரிய புத்தகமாக எழுதியவர். பின்னாளில் செயின்ட் ஹெலினா தீவின் கவர்னரானார். நெப்போலியனைக் கைதியாக அங்கே கொண்டுவந்து இறக்கியபோது பொறுப்பில் இருந்தது அவர்தான். மாமா காட்டிய வழியில் கப்பனும் 1800-ல் மதராஸ் ராணுவத்தில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்தார். அடுத்த வருஷம் 15-வது மதராஸ் காலாட்படையில் போட்டார்கள். சிப்பாய்கள் தமிழும் தெலுங்கும் பேசுகிற நம்மாட்கள், அதிகாரிகள் வெள்ளைக்காரர்கள்.

கம்பெனி ராணுவம் பிரிட்டிஷ் அரசரின் நேரடி ராணுவம் கிடையாது. ஒரு வியாபாரக் கம்பெனி வைத்துக்கொண்ட படை அது. மதராஸ், வங்காளம், பம்பாய் என்று மூன்று தனித்தனிப் படைகள். அரசரின் ராணுவத்தில் அந்தக் காலத்தில் பணம் கட்டிப் பதவியை வாங்கலாம். கம்பெனிப் படையில் அது செல்லாது, சீனியாரிட்டிதான். மேலே இருப்பவர் ஓய்வு பெற வேண்டும், அல்லது காய்ச்சலில் போய்ச் சேர வேண்டும், அப்போதுதான் கீழே இருப்பவருக்கு அடுத்த படி. கப்பன் கேப்டன் ஆனது 1816-ல். சிவில் வேலைக்குப் போனாலும் ராணுவ சீனியாரிட்டி தொடர்ந்து ஏறும். அதனால்தான் பிற்பாடு கச்சேரி மேஜையில் உட்கார்ந்து வரிக் கணக்கு பார்த்துக்கொண்டே அவர் ஜெனரலாக முடிந்தது.

அவர் வாழ்க்கை திரும்பிய இடம் 1810. அந்த வருஷம் கமிசேரியட் துறைக்கு வந்தார். பெங்களூரில் கருடா மால் பக்கம் கமிசேரியட் ரோடு என்று இன்றும் பெயர்ப்பலகை இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அந்த வழியாகப் போகிற நூறு பேரில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம். படைக்குச் சோறு போடுகிற துறை அது. அரிசி, உப்பு, சாராயம், கூடாரம், தீவனம், இதையெல்லாம் இழுக்கிற மாடு, எல்லாம் இவர்கள் பொறுப்பு. படை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு நகர்ந்தால் சிப்பாய்கள் மட்டுமா போவார்கள்? அவர்களுடைய பெண்டு பிள்ளைகள், சமையல்காரர், வண்ணார், கொல்லர், கடைக்காரர், புல்லுக்கட்டு சுமப்பவர் என்று ஒரு நகரமே பின்னால் நடக்கும். பீரங்கியை இழுப்பதும் மாடுதான். அதற்கென்றே வளர்த்த அம்ருத் மஹால் மாடுகள் மைசூர்ச் சீமையின் பெருமை. ஹைதர் அலியும் திப்புவும் அந்த மாடுகளின் வேகத்தில்தான் படையை ஓட்டினார்கள். திப்பு இறந்த பிறகு வெள்ளைக்காரர்கள் அந்தப் பட்டியைக் காப்பாற்றி வளர்த்ததற்குக் காரணமும் அதுவே.

இந்தத் துறையில் இருபது வருஷத்துக்குக் குறையாமல் கப்பன் இருந்தார். யோசித்துப் பாருங்கள். எந்த ஊரில் எவ்வளவு ராகி கிடைக்கும், எந்த மாதம் ஆற்றில் தண்ணீர் குறையும், எந்தக் கணவாயில் வண்டி ஏறும், எதில் பொதிமாடுதான் போக முடியும், எந்த வியாபாரி சொன்ன நாளில் சரக்கு இறக்குவான் என்பதெல்லாம் அத்துப்படியாகத் தெரிந்தால்தான் அந்த நாற்காலியில் உட்கார முடியும். சண்டை போடுகிற அதிகாரிக்கு ஊர் ஒரு வரைபடம். கமிசேரியட் அதிகாரிக்கு ஊர் என்றால் சந்தை, கிணறு, களத்துமேடு. சண்டையில் பேர் வாங்கிய தளபதி ஒருவரை மைசூருக்கு அனுப்பியிருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும் என்பது என் தீர்மானமான எண்ணம்.

மைசூருக்கு அவர் வந்த காரணம் ஒரு கலகம். 1830-31-ல் நகர் பகுதியில், அதாவது இன்றைய சிவமொக்கா பக்கம், வரிக்கொடுமை தாங்காமல் குடியானவர்கள் எழுந்தார்கள். அதைச் சாக்காக வைத்து கவர்னர் ஜெனரல் பென்டிங் 1831-ல் மைசூர் ராஜா மும்மடி கிருஷ்ணராஜ உடையாரிடமிருந்து நிர்வாகத்தைப் பிடுங்கிக் கம்பெனி கையில் கொடுத்தார். கலகத்தின் காரணத்தை விசாரிக்க நான்கு பேர் குழு போட்டார்கள். அதில் ஒருவர் கப்பன். ஊர் ஊராகக் குடியானவர் சொன்னதைக் கேட்டு, 1833 கடைசியில் அறிக்கை கொடுத்தார்கள். ஆரம்பத்தில் இரண்டு கமிஷனர்கள் சேர்ந்து ஆள்வதாக ஏற்பாடு. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் ஒரே கமிஷனர் போதும் என்று முடிவாகி, 1834 ஜூனில் அந்த இடத்துக்கு வந்தார் கப்பன். அதே வருஷம் கம்பெனி பிடித்துக்கொண்ட குடகையும் அவர் பொறுப்பிலேயே விட்டார்கள்.

தலைமை அலுவலகம் பெங்களூருக்கு வந்தது இந்தக் காலத்தில்தான். கோட்டைக்குப் பக்கத்தில் திப்புவின் மர அரண்மனை இருக்கிறதே, 1831 முதல் 1868 வரை அதுதான் அரசுச் செயலகம். செதுக்கிய தூண்களுக்கு நடுவில் குமாஸ்தாக்கள் பாய் விரித்து உட்கார்ந்து பேரேடு எழுதிய இடம்.

அந்தப் பேரேடுகளில் கப்பன் பார்த்தது என்ன? எனக்குத் தூக்கம் கெட்டது இந்தப் பகுதியைப் படித்தபோது. கல்யாணம் செய்தால் வரி. குழந்தை பிறந்தால் வரி. அதற்குப் பெயர் வைத்தால் வரி. மொட்டை அடித்தால் அதற்கும் வரி. ஒரு கிராமத்தில் எல்லாரும் ஒரு தனி வரி கட்டிவந்தார்கள். ஏனென்றால், எந்தக் காலத்திலோ ஒரு பாளையக்காரரின் குதிரை காணாமல் போனபோது இவர்களுடைய முன்னோர்கள் அதைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லையாம். நகர் பகுதியில் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடக்கும்போது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளாமல் வீசி நடந்தால் அதற்கு ஒரு வரி. இவை வாய்வழி வழக்கம் இல்லை, அரசு வருமானம் என்று முறையாகக் கணக்கில் ஏறியிருந்தவை.

அப்படிப்பட்ட சில்லறை வரிகள் 769 கப்பன் காலத்தில் ஒழிக்கப்பட்டன. 769 என்ற எண்ணை நான் காகிதத்தில் எழுதி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு, ஒரு வசூல்காரன், ஒரு ரசீது, அந்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு குடும்பம். பழைய கணக்கைப் புதிய ஆள் வந்து அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். ‘எப்போதும் இப்படித்தான் சார்’ என்று நான்கு பேர் சொல்வார்கள். அதைத் தாண்டித்தான் ஒரு கோடு கிழிக்க வேண்டும். நிலவரியிலும், விளைந்ததில் பங்கு என்று களத்தில் நின்று அளக்கிற முறையைக் குறைத்து, பணமாகக் கட்ட வைத்தார். அறுவடை விற்றுக் காசு கைக்கு வந்த பிறகு கட்டும்படித் தவணைகளை மாற்றினார்.

ராஜ்ஜியத்தை நான்கு வட்டாரங்களாகப் பிரித்தார்: பெங்களூர், சித்ரதுர்கா, நகர், அஷ்டகிராமம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைக்கார சூப்பரிண்டெண்டென்ட், அவருக்குக் கீழே தாலுகாக்களில் நம்மவர் அமில்தார். பெங்களூரில் ஹுஜூர் அதாலத் என்ற மேல் நீதிமன்றத்தில் மூன்று இந்திய நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். கச்சேரி வேலை கன்னடத்திலும் மராத்தியிலும் நடந்தது. மக்களுக்குப் புரிகிற மொழியில் வழக்கு நடக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

இனி மாட்டுவண்டி. 1831-க்கு முன் மைசூர்ச் சீமையில் வண்டி ஓடுகிற மாதிரி சாலை என்று சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது. சரக்கெல்லாம் பொதிமாட்டு முதுகில். ஒரு பொதிமாடு சுமப்பதைவிட ஒரு ஜோடி மாடு வண்டியில் பூட்டி இழுப்பது பல மடங்கு. நானே பிளாட்பாரத்தில் தலைச்சுமையாகப் போன சரக்கு தள்ளுவண்டிக்கு மாறியதைப் பார்த்தவன். ஒரு சக்கரம் வந்தால் ஒரு வேலையின் கணக்கே மாறிவிடும். கப்பனின் காலத்தில் போட்ட சாலை சுமார் 1,600 மைல், கட்டிய பாலங்கள் 300-க்கும் மேல். மேற்குத்தொடர்ச்சி மலையில் ஆகும்பே, சம்பாஜே கணவாய்களில் வண்டிப்பாதை இறங்கியது. மலையில் விளைந்த காப்பி மங்களூர்க் கப்பலுக்கும், மைசூர்ச் சரக்கு மதராஸுக்கும் போக வழி பிறந்தது. காப்பி மீதிருந்த வரியைக் குறைத்ததும் சிக்கமகளூர்த் தோட்டங்கள் பெருகியதும் இந்த வருஷங்களில்தான். இன்று காலையில் நாம் குடித்த டிகாக்‌ஷனுக்கு அந்தப் பாதைகளோடு சம்பந்தம் உண்டு.

மதராஸ் சாலை என்றதும் எனக்கு என் பாட்டனார் ஞாபகம் வருகிறார். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து பின்னி மில் வேலைக்கு வந்து ஒக்கலிபுரத்தில் குடித்தனம் வைத்தவர். அவருக்கு முன்னால் எத்தனையோ தலைமுறைத் தமிழர்கள் அதே திசையிலிருந்து வந்தார்கள். 1809 வாக்கில் பெங்களூரில் கண்டோன்மென்ட் அமைந்தபோது படையோடு வந்த சிப்பாய், வண்டிக்காரர், காய்கறிக்காரர், ஒப்பந்தக்காரர் எல்லாரும் அல்சூரிலும் சிவாஜிநகர்ப் பக்கத்திலும் தங்கினார்கள். மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை 1834-ல் பெங்களூருக்கு வந்தது, கப்பன் பதவிக்கு வந்த அதே வருஷம். அந்தப் படை வீரர்களை இன்றும் ராணுவத்தில் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கப்பனின் சிலை வெகுகாலம் நின்ற அட்டாரா கச்சேரியைக் கட்டி முடித்த ஒப்பந்தக்காரரும் ஒரு தமிழர், ஆற்காடு நாராயணசாமி முதலியார். இந்த ஊரில் தமிழன் எப்படி வந்தான் என்று யாராவது கேட்டால், படையின் பின்னால் மூட்டை சுமந்து வந்தான், பிறகு ஊரைக் கட்டினான் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

இதையெல்லாம் எழுதுவதால் வெள்ளைக்காரன் ஆட்சிக்கு நான் மாலை போடுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். 1799 உடன்படிக்கைப்படி மைசூர் வருஷா வருஷம் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய கப்பம் 24 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். கப்பன் கணக்கைச் சீராக்கி வசூலை உயர்த்தினார் என்றால், அந்தத் தொகை தவறாமல் போய்ச் சேர்ந்தது என்றும் அர்த்தம். மைசூர் அரண்மனையில் ஒரு ராஜா, தன் நாடு தனக்குத் திரும்பக் கிடைக்கும் என்று மனு மேல் மனுவாக எழுதிக்கொண்டு முதுமை அடைந்தார். அவர் கேட்டது அவர் ஆயுளில் கிடைக்கவில்லை. அவருடைய வளர்ப்பு மகன் சாமராஜ உடையாருக்கு 1881-ல்தான் ஆட்சி திரும்பியது. ஐம்பது வருஷம் ஒரு நாட்டைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தது அநியாயம்.

இன்னொரு குறையும் உண்டு. எல்லாம் கப்பன் ஒருவர் தலை வழியாகவே போயிற்று. 1843-ல் ரெசிடென்ட் பதவியையும் எடுத்துவிட்ட பிறகு கேள்வி கேட்க உள்ளூரில் ஆளில்லை. நல்லவர் இருக்கும்வரை நடக்கும், அவருக்குப் பிறகு என்ன என்ற கேள்வி எழத்தானே செய்யும். 1855-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி மைசூருக்கு வந்து பார்த்தார். அதன் பிறகுதான் நீதிக்குத் தனி கமிஷனர், பொதுப்பணித் துறை, கல்வித் துறை என்று வேலை பிரிந்தது. பள்ளிக்கூட விஷயத்தில் கப்பன் அதற்கு முன்பே கவனம் வைத்திருக்கலாம் என்பது என் வருத்தம்.

வீடு கட்டுவதில் அவருக்கு ஆசை இருந்தது. இன்றைய ராஜ்பவன் அவர் 1840 வாக்கில் தமக்காகக் கட்டிக்கொண்ட பங்களா. பேலஸ் ரோட்டில் ‘பாலப்ரூயி’ என்ற விருந்தினர் மாளிகையின் பெயர் அவருடைய தீவு மொழியிலிருந்து வந்தது. வெயில் காலத்தில் நந்தி மலை உச்சி வீட்டுக்குப் போய்விடுவார். கோப்புகள் மலையேறி அவரிடம் போகும். அரபுக் குதிரை என்றால் உயிர், லாயம் நிறைய வைத்திருந்தார். 1856-ல் ‘சர்’ பட்டம் வந்தது. 1857-ல் வடக்கே நாடு பற்றியெரிந்தபோது மைசூர் அமைதியாக இருந்தது.

1860-ல் கல்கத்தாவிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. மைசூரை இனி மதராஸ் அரசாங்கத்தின் கீழ் கொண்டுபோகப் போகிறோம் என்றார்கள். அதுவரை மைசூர் நேரே கவர்னர் ஜெனரல் பார்வையில் இருந்தது. கிருஷ்ணராஜ உடையார் இதைக் கடுமையாக எதிர்த்தார். கப்பன் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். எத்தனையோ வருஷம் எதிரெதிராக நின்ற இரண்டு கிழவர்கள் அன்று ஒரே பக்கம் நின்றார்கள். உத்தரவு கைவிடப்பட்டது, கப்பனும் பதவியில் தொடர்ந்தார். ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1861 பிப்ரவரியில் பொறுப்பை விட்டு ஊருக்குக் கிளம்பினார். இங்கே வந்து 60 வருஷம் ஆகியிருந்தது.

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு ரயில் பாதை போடும் வேலை அவர் காலத்திலேயே 1859-ல் தொடங்கியிருந்தது. முதல் ரயில் கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குள் வந்தது 1864 ஆகஸ்ட் 1-ல். அதை அவர் பார்க்கவில்லை. அவர் பெயரைச் சுமக்கிற பூங்கா 1870-ல் ரிச்சர்ட் சாங்கி என்ற ராணுவப் பொறியாளர் அமைத்தது. அதையும் பார்க்கவில்லை. பூங்காவுக்கு முதலில் வைத்த பெயர் மீட்ஸ் பார்க், 1927 முதல் அரசாங்கப் பெயர் சாமராஜேந்திரா பூங்கா. ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ‘கப்பன் பார்க்கா சார்?’ என்று திருப்பிக் கேட்பார்.

அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. கப்பலில் சூயஸ் வரை போய் இறங்கி, எகிப்தைத் தரை வழியே கடந்து, அலெக்சாண்ட்ரியாவில் வேறு கப்பல் ஏற வேண்டும். கப்பன் சூயஸ் வரைதான் போனார். 1861 ஏப்ரல் 23 அன்று அங்கே உயிர் பிரிந்தது.

பார்சல் ஆபீஸில் இருந்த காலத்தில் நான் மனம் கனத்துச் செய்த வேலை ஒன்று உண்டு. வேலைக்கு வந்த ஊரில் இறந்தவரைச் சொந்த ஊருக்கு ரயிலில் அனுப்புவது. டாக்டர் சர்டிபிகேட், போலீஸ் கடிதம் எல்லாம் பார்த்து, பெட்டியின் மேல் மை பேனாவால் பெயரும் இறங்க வேண்டிய ஸ்டேஷனும் எழுதி, பிரேக் வேனில் ஏற்றுவோம். கூட வருகிறவருக்கு டிக்கெட் இருக்கிறதா என்று பார்ப்போம். பல பேர் அந்த எழுத்தைக் கையால் தொட்டுவிட்டுத்தான் வண்டியேறுவார்கள். ஒருமுறை ஒரு பையன், அப்பா பெயருக்கு முன்னால் ‘திரு’ போட்டு எழுதுங்க சார் என்று கேட்டான். பழைய எழுத்தை அழித்துவிட்டு மறுபடி எழுதிக் கொடுத்தேன்.

கப்பனின் பெட்டியும் அப்படித்தான் பாலைவனம் கடந்து, கப்பல் மாறி, கடைசியில் அந்தச் சின்னத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்பா பாதிரியாராக இருந்த மாக்கோல்ட் தேவாலயத்தில், குடும்பக் கல்லறையில் வைத்தார்கள்.